கம்பமும் கம்பியும்

மல்லசமுத்திரம் கடைவீதியில் ஒரு மின்சாரக் கம்பம் இருக்கிறது. ஊரில் கம்பங்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நாள், பொழுது போகாமல் அதன் இடுப்பில் கட்டியிருந்த கம்பிகளை எண்ணிப் பார்த்ததுதான். மின்சாரக் கம்பிகளை நீக்கிவிட்டால் ஏழு. கறுப்பாக, மெல்லியதாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பாகம் பிரியாத பங்காளிகளைப்போல ஏழு கம்பிகள். அவற்றில் ஒன்று செத்துப்போன பழைய கேபிள் டி.வி. வயர்; அறுத்து எடுக்கக் கூலி கொடுக்க வேண்டுமே என்று அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற ஆறும் கண்ணாடி இழை. ஆறுக்கும் ஆறு சொந்தக்காரர்கள். ஆறு பேரும் அதே தெருவில் அதே வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வையப்பமலைப் பக்கம் ஒரு துக்கம் விசாரிக்கப் போக வேண்டியிருந்தது. இறங்கி, வண்டித் தடத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். சோளக் காடு, கடலைக் காடு, நடுவே ஒரு வளவு. பதினாலு வீடு. அங்கே வந்திருந்த கம்பி மின்சாரக் கம்பி ஒன்றுதான். செல்போன்கூட, வளவுக்கு மேற்கே உள்ள பாறைமேல் ஏறி நின்றால்தான் பேசும். 2020-ல் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது அந்த வளவுப் பெண் ஒருத்தி, பத்தாம் வகுப்புப் படித்தவள், குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறைமேல்தான் உட்கார்ந்து பாடம் கேட்டாளாம். அவளுடைய தாத்தாவுக்குத்தான் துக்கம். அவர் அந்த நாட்களில் கையில் தடியோடு பாறைக்குக் கீழே காவலாக உட்கார்ந்திருப்பாராம். ஒப்பாரிக்கு நடுவில் யாரோ இதைச் சொன்னார்கள்.

கடைவீதியில் ஏழு கம்பி, இங்கே ஒன்றுகூட இல்லை. இதற்கு என்ன நியாயம் என்று அன்று எனக்குள் புகுந்த கேள்வி இன்னும் போகவில்லை. கதை எழுதுகிறவனுக்குக் கம்பி எண்ணுகிற வேலை எதற்கு என்று வாசகர்கள் சிரிக்கலாம். (கம்பி எண்ணுவது என்றால் ஜெயிலுக்குப் போவது என்று நம் ஊரில் ஓர் அர்த்தம் இருப்பதும் எனக்குத் தெரியும்.) ஆனால் நான் எழுதுகிற அத்தியாயம் சென்னைக்குப் போவது அந்த ஆறில் ஒரு கம்பி வழியாகத்தான். முன்பெல்லாம் கையெழுத்துப் பிரதியைக் கவரில் போட்டு ஒட்டி, தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடுவேன். இப்போது ஓடுவதில்லை, பதிலுக்கு, மழை பெய்தால் மோடத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு மட்டுமா? சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரைப் பார்க்கிறவர்கள், தறிச் சத்தமும் பருத்தி மூட்டையும்தான் ஊர் என்று நினைப்பார்கள். அந்தத் தறிக்கு டிசைன் வருவது இப்போது போனில். ரிக் லாரியில் வடக்கே போர் போடப் போன ஆண்பிள்ளைகள் மாதக் கணக்கில் திரும்புவதில்லை. குழந்தைகள் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதும் போனில். சமுத்திரம் என்று ஊருக்குப் பேர் வைத்தவர்கள் ஏரியை நினைத்து வைத்தார்கள். இன்று ஏரியில் தண்ணீர் வராவிட்டால் ஒரு போகம் போகிறது. கம்பியில் வெளிச்சம் வராவிட்டால் அன்றைக்கு அன்றைக்கே பிழைப்புக் கெடுகிறது.

எனக்குக் கம்பி கொடுத்திருக்கிற தம்பியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஊரில் எல்லாரும் அவனைக் கேபிள்காரர் என்கிறார்கள். எனக்கு வயதில் இளையவன், ஆகையால் தம்பி. அவனுடைய தகப்பனார் தொண்ணூறுகளில் மாடியில் பெரிய குடை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, தெருத் தெருவாக வயர் இழுத்தவர். அந்த நாளில் அது பெரிய வித்தையாக இருந்தது. கம்பத்தில் ஏறுகிறவர், பணம் வசூலிக்கிறவர், ராத்திரி படம் நின்றுபோனால் திட்டு வாங்குகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. மகனுக்குக் குடையும் வயரும் திட்டும் பிதுரார்ஜிதமாக வந்து சேர்ந்தன.

சர்க்கார் இந்தத் தொழிலுக்குள் காலை வைத்த கதை அப்போதே ஆரம்பமாகிவிட்டது. 2007-ல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் என்று ஒரு ஸ்தாபனம் உண்டாயிற்று. அது உண்டானதற்குக் கேபிள் மட்டும் காரணமல்ல. பெரிய வீட்டுச் சண்டை ஒன்றும் காரணம் என்பது அந்த நாள் பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சண்டை தீர்ந்ததும் ஸ்தாபனமும் தூங்கிப்போயிற்று. 2011-ல் ஆட்சி மாறிய பிறகு அதைத் தட்டி எழுப்பி, அந்த வருஷம் செப்டம்பரில், மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் என்று அறிவித்தார்கள். நூறும் நூற்றைம்பதும் கொடுத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குக் கொண்டாட்டம். தம்பி அந்தக் கணக்கை இன்றைக்கும் மறக்கவில்லை.

"எழுவதுல இருவது சர்க்காருக்கு, அம்பது எனக்குங்கண்ணா. அந்த அம்பதுல கம்பம், வயரு, பெட்ரோலு, ஆள் கூலி. சேராம இருந்துக்கலாமான்னு பாத்தனுங்க. எதுத்த தெருக்காரன் சேந்துட்டான். ஒரே மாசத்துல எங்கிட்ட இருந்த வீடெல்லாம் அவங்கிட்டப் போயிருச்சு. நானும் போய்ச் சேந்துட்டனுங்க."

ராஜ்ய சர்க்கார்கள் இந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று டெல்லியில் உள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ட்ராய், 2008-லும் சொல்லிற்று, 2012-லும் சொல்லிற்று. விளையாடுகிறவனே நடுவராகவும் இருந்தால் மற்ற ஆட்டக்காரன் கதி என்ன என்பது அவர்களுடைய ஆட்சேபம். அது சரியான ஆட்சேபம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 70 ரூபாய்க்கு வீட்டில் படம் பார்த்த கூலிக்காரப் பெண்பிள்ளையிடம் போய் இதைச் சொன்னால், "அதுக்கு முன்னால உங்க நடுவர் எங்கீங்க போயிருந்தாரு?" என்று கேட்பாள். அதற்கும் பதில் கிடையாது.

அப்புறம் கண்ணாடி இழை வந்தது. தலைமயிரைவிடச் சற்றே பருமனான கண்ணாடி. அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. அந்த வெளிச்சத்தில்தான் உலகத்துச் சமாசாரம் எல்லாம் வருகிறது. ஓர் இழையைக் கொண்டுவந்து ஒரு சிறு பெட்டியில் பிரித்தால் முப்பத்திரண்டு வீட்டுக்கும் கொடுக்கலாம், அறுபத்துநான்கு வீட்டுக்கும் கொடுக்கலாம். இதில் நான் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. கண்ணாடி மலிவு. அதை இழுத்துக்கொண்டு போவதுதான் செலவு. குழி, கம்பம், கூலி, அறுந்த இடத்தில் உருக்கி ஒட்டுகிற யந்திரம், அதை இயக்கத் தெரிந்த ஆள். கம்பி இழுத்த பிறகு அதில் ஒரு வீடு சேர்ந்தாலும் அறுபது வீடு சேர்ந்தாலும் இழுத்த செலவு ஒன்றேதான். கடைவீதியில் பத்துத் தப்படிக்கு ஒரு வீடு. ஆகவே ஆறு பேர் வருகிறார்கள். காட்டு வளவில் மூன்று கிலோமீட்டருக்குப் பதினாலு வீடு. ஆகவே ஒருவரும் வருவதில்லை. இதில் யாருடைய கெட்ட புத்தியும் இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

தம்பி மனைவியின் நகையைக் கூட்டுறவு பாங்கில் வைத்து ஒட்டுகிற யந்திரம் வாங்கினான். ஒரு கம்பெனியின் ஏஜெண்டாகச் சேர்ந்தான். 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்து, நாடு முழுவதும் மாதக் கணக்கில் இலவசமாகக் கொடுத்தபோது, "தொலைஞ்சோம்" என்று படுத்துவிட்டவன், மறுபடி எழுந்திருந்து செய்த காரியம் இது. அந்த இலவசத்தை எதிர்த்து ஏர்டெல் கம்பெனி போட்டி ஆணையத்திடம் முறையிட்டது; புதிதாக வந்தவர் சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் ஆக மாட்டார் என்று 2017 ஜூனில் ஆணையம் அதைத் தள்ளிவிட்டது. பெரிய பணக்காரன் தன் பையிலிருந்து எடுத்து இலவசம் கொடுத்தால் அதற்குப் போட்டி என்று பேர். சர்க்கார் கொடுத்தால் மானியம் என்று பேர். தம்பியைப்போல் நகையை அடகு வைத்தவனுக்கு இரண்டும் ஒரே அடிதான்.

மானியம் என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய மனிதர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கோயில் பூசாரிக்கு மானியம், மேளக்காரருக்கு மானியம், ஏரி மடை திறக்கிறவருக்கு மானியம். ஊருக்கு ஒரு காரியம் செய்து தர வேண்டும். அதற்கு ஈடாக இந்த நிலத்தை வரியில்லாமல் உழுதுகொள் என்பதுதான் மானியம். பூசை நின்றால் ஊர் கேட்கும். 1963-ல் சட்டம் போட்டுச் சிறு இனாம்களை எடுத்துவிட்டார்கள். மானியக் காடு என்று பேர் மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது மானியம் என்றால் சும்மா வருவது என்று ஆகிவிட்டது. காரியம் எங்கே என்று கேட்கிற வழக்கம் நிலத்தோடு போயிற்று.

டெல்லியில் ஒரு நிதி இருக்கிறது. தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து அதற்குக் கட்ட வேண்டும். 2003-ல் சட்டத் திருத்தம் செய்து, 2002 ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே செல்லும்படி ஆக்கினார்கள். அதற்கு எல்லாருக்கும் சேவை செய்யும் கடமை நிதி என்று பொருள்படும்படி பேர் வைத்தார்கள். கடமை என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய மானியத்தின் ஆவி அந்தப் பேரில் இருந்தது. 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் பேரை டிஜிட்டல் பாரத் நிதி என்று மாற்றிவிட்டார்கள். கடமை போய்விட்டது, நிதி இருக்கிறது. கம்பெனி கட்டுகிற ஐந்து ரூபாயைக் கம்பெனி தன் பாட்டன் சொத்திலிருந்து கட்டவில்லை. வளவுக்காரர்கள் பாறைமேல் ஏறிப் பேசுகிற போனுக்குக் கட்டுகிற பணத்திலும் அது இருக்கிறது.

அந்த நிதியைக் கொண்டு நாட்டிலுள்ள இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது என்று 2011 அக்டோபரில் மத்திய மந்திரி சபை முடிவு செய்தது. சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டு வருஷம் என்று மதிப்பு. முதல் ஒரு லட்சம் ஊராட்சி முடிவதற்கே 2017 டிசம்பர் ஆயிற்று. நடுவில் திட்டத்துக்குப் பாரத்நெட் என்று புதுப் பேர். 2023 ஆகஸ்டில், மிச்சத்தையும் பழுதுகளையும் சேர்த்துச் செய்ய 1,39,579 கோடி என்று புதிய மதிப்புக்கு ஒப்புதல் ஆயிற்று. வீடு கட்டியவர்கள் யாரும் இந்த எண்களைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள். என் ஆட்சேபம் பணத்தைப் பற்றியது அல்ல.

திட்டம் எழுதியவர்கள் ஆரம்பத்தில் ஒரு நல்ல விஷயத்தை எழுதியிருந்தார்கள். ஊராட்சி வரைக்கும் கம்பியைச் சர்க்கார் போடும். அதற்கு அப்பால் வீடுகளுக்கு யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை, பாரபட்சம் கிடையாது. ரோடு சர்க்காருடையது, வண்டி அவரவருடையது என்பதுபோல. அந்தக் கம்பியைப் போடத் தனி ஸ்தாபனமாகப் பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் என்ற கம்பெனியை 2012-ல் வைத்தார்கள். 2022 ஜூலையில் அதைப் பி.எஸ்.என்.எல்.லோடு சேர்க்க மந்திரி சபை முடிவு செய்தது. நஷ்டத்தில் இருக்கிற சர்க்கார் கம்பெனியைக் கைதூக்கிவிடும் யோசனையோடு சேர்ந்து வந்த முடிவு அது. பி.எஸ்.என்.எல். மேல் எனக்கு அபிமானம் உண்டு. யாரும் வராத மலைக்கும் காட்டுக்கும் கம்பி கொண்டுபோனது அதுதான். ஆனாலும் ரோட்டுக்குச் சொந்தக்காரரே வண்டியும் விடுகிறார் என்று ஆன பிறகு, மற்ற வண்டிக்காரர் சுங்கச் சாவடியில் கொஞ்சம் பயந்துகொண்டுதான் நிற்பார்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. இங்கே இந்த வேலைக்கென்று 2018-ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி ஏற்பட்டது. 12,525 ஊராட்சிகள், சுமார் 1,815 கோடி ரூபாய். 2019 டிசம்பரில் டெண்டர் விட்டார்கள். டெண்டரில் பின்னால் திருத்திய நிபந்தனைகள் ஒரு சில பெரிய கம்பெனிகளுக்கே பொருந்தும்படி இருக்கின்றன என்று அறப்போர் இயக்கம் புகார் செய்தது. 2020 ஜனவரியில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் விருப்ப ஓய்வு கேட்டார். சொந்தக் காரணம் என்று சொல்லப்பட்டது. முறைகேடு ஒன்றும் இல்லை என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். கடைசியில் 2020 ஜூனில் மத்திய வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்த தொழில் மேம்பாட்டுத் துறை, அந்த நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குவன, உள்நாட்டு உற்பத்திக்கு முன்னுரிமை தரும் 2017-ம் வருஷத்து உத்தரவுக்கு விரோதமானவை என்று கண்டு, திருத்தி மறுபடி டெண்டர் விடச் சொல்லிற்று. டெண்டர் ரத்தாயிற்று.

யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. தேதியை மட்டும் பாருங்கள். 2020 ஜூன். ஊரடங்கு. அந்தப் பெண் பாறைமேல் குடையோடு உட்கார்ந்திருந்த நாட்கள். போட்டி நியாயமாக நடக்கவில்லை என்றால் பணம்தான் வீண் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு முன்னால் காலம் வீணாகிறது. டெண்டர் காகிதத்தில் ஒரு வரியைத் திருத்தினால், மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷப் படிப்புப் போகிறது.

பிறகு புதிய டெண்டர், புதிய ஆட்சி, வேலையும் நடந்தது. மல்லசமுத்திரம் பேரூராட்சி, ஆகையால் அந்த 12,525-ல் சேராது. எங்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை. எங்களிடம்தான் ஏழு கம்பி இருக்கிறதே! சுற்றிலும் உள்ள ஊராட்சிகளுக்குத்தான் இந்தக் கம்பி. அதில் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்கு, வேறு காரியமாகப் போன இடத்தில், அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் தூசி படாமல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தி, மேலே குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்கும். "இதுலிருந்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்குதுங்களா?" என்று கேட்டேன். "குடுக்கோணுங்க. ஆளுதான் வரோணும்" என்றார் அங்கிருந்தவர். நாட்டில் பல இடத்தில் இதுதான் நிலைமை என்று எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. கடவுள் சன்னிதி வரைக்கும் வந்துவிட்டார். பிரசாதம் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இதை எல்லாம் டீக்கடையில் வைத்துப் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்பது பொருத்தம். ஓய்வு பெற்ற வாத்தியாரய்யா ஒருவர் எங்களோடு வந்து உட்காருவார். அவர் பொதுவுடைமைப் பக்கம் சாய்ந்தவர். "எல்லாத்தையும் சர்க்காரே குடுத்துட்டா என்ன கெட்டுப்போச்சு? பஸ்ஸைப் பாரு" என்றார்.

பஸ்ஸைப் பார்க்கச் சொன்னதுதான் அவர் செய்த தவறு. எங்கள் பக்கத்தில் சேலம், திருச்செங்கோடு, ராசிபுரம் ரோடுகளில் தனியார் பஸ் அதிகம். கட்டணத்தைச் சர்க்கார்தான் வைக்கிறது. இருவருக்கும் ஒரே கட்டணம். 2021 மே மாதத்திலிருந்து சர்க்கார் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த நஷ்டத்தைக் கஜானா, போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பின்னாலேயே வருகிற தனியார் டவுன் பஸ்ஸுக்கு ஒருவரும் கொடுப்பதில்லை.

"தறிக்குப் போற பொம்பளை ஒரு நாளைக்கு முப்பது ரூவா மிச்சம் பண்றா. அது உனக்குக் கண்ணுல படலியா?" என்று வாத்தியாரய்யா மேஜையைத் தட்டினார்.

"படுதுங்கய்யா. எம்பட பொண்டாட்டியும் அதுலதான் போறா" என்றான் தம்பி. "அந்தக் காசை அவ கையில குடுத்துப்போட்டு, எந்த பஸ்ஸுல வேணும்னாலும் ஏறிக்கோன்னா நான் கேக்கறதில்லீங்க. ஒரு பஸ்ஸுக்காரனுக்கு மட்டும் டீசல் ஊத்தி உட்டு, இன்னொருத்தனையும் கூடவே ஓடுங்கறாங்களே, அதைத்தானுங்க கேக்கறேன்."

பெரிய பொருளாதார நூல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை இவன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாத்தியாரய்யாவும் சளைக்கவில்லை. "சரி, நீ கொண்டுபோனியா அந்தப் பதினாலு வீட்டுக்கு? கடைவீதில ஆறாவது ஆளா நின்னு கம்பி கட்டினியே!" என்றார். தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தவன்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதினாலு வீட்டில் பத்து வீடு சேர்ந்தால்கூட, இழுத்த செலவு திரும்பி வருவதற்குள் கம்பி இற்றுப்போய்விடும்.

ஐரோப்பாக்காரர்கள் இந்த வழக்குக்கு ஒரு வழி கண்டுபிடித்து 2009-ல் எழுதி வைத்தார்கள். ஊர்களுக்கு வர்ணம் பூசினார்கள். யாருமே கம்பி போடாத, மூன்று வருஷத்துக்குள் போடுவதாகவும் உத்தேசம் இல்லாத இடம் வெள்ளை. ஒருவர் மட்டும் இருக்கிற இடம் சாம்பல். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் கறுப்பு. வெள்ளையில் சர்க்கார் பணம் தாராளமாகப் போகலாம். சாம்பலில் யோசித்துப் போக வேண்டும். கறுப்பில் அநேகமாகப் போகவே கூடாது. பணம் வாங்கிப் போட்ட கம்பியை மற்றவர்களுக்கும் வாடகைக்குத் திறந்துவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. மல்லசமுத்திரம் கடைவீதி கன்னங்கரேல் என்ற கறுப்பு; பாறைக்குப் பக்கத்து வளவு தும்பைப்பூ வெள்ளை. ஒரே ஒன்றியத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. ஊராட்சிக்கு ஒரு பெட்டி என்று பொதுவாக எண்ணிக்கொண்டு போனால் இந்த வித்தியாசம் தெரியாது. ஊராட்சி அலுவலகம் எப்போதும் ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. வெள்ளை அதற்கு அப்பால்தான் ஆரம்பமாகிறது.

வர்ணம் பூசிவிட்டால் மட்டும் காரியம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் கிராமங்களுக்கு இப்படிச் சர்க்கார் பணம் கொடுத்துக் கம்பி போட ஜில்லா ஜில்லாவாகப் போட்டி வைத்தார்கள். கடைசியில் அத்தனை ஒப்பந்தமும் பிரிட்டிஷ் டெலிகாம் என்ற ஒரே கம்பெனிக்குப் போயிற்று. 2013-ல் அவர்களுடைய பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு, போட்டி என்று பேர் வைத்து ஒரு கம்பெனிக்கு வழி விட்டுவிட்டீர்களே என்று காரசாரமாக எழுதிற்று. வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான் என்று அறிந்து எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

ஆனால் யோசிக்க யோசிக்க, ஐரோப்பா வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. மல்லசமுத்திரத்திலேயே பருத்தி ஏலம் நடக்கிறது. திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அதை நடத்துகிறது. சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். நாலு மூட்டைக்காரனும் நாற்பது மூட்டைக்காரனும் ஒரே களத்தில்தான் அடுக்க வேண்டும். வெளியூர் வியாபாரிகள் வந்து, பஞ்சைப் பிடுங்கிப் பார்த்து, விரலால் இழுத்துப் பார்த்து, விலை எழுதிக் கொடுக்கிறார்கள். அதிகம் எழுதியவருக்கு மூட்டை. களம் பொது, தராசு பொது, விலையில் மட்டும் போட்டி. ஏலம் நடத்துகிற சங்கமே எதிரில் நின்றுகொண்டு, வியாபாரிகளுக்குப் போட்டியாக விலை எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த வாரம் எந்த வியாபாரி வருவான்? சங்கத்தின் கட்டடம் ஊர்ப் பணத்தில் நின்றது என்பதற்காக யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. நான் சின்னப் பையனாக மூட்டைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த காரியம் இது. இதைச் சட்டமாக எழுத டெல்லியில் எத்தனை குழு போட்டார்களோ!

சர்க்கார் கம்பி ஊராட்சி வரைக்கும் வந்துவிட்டது. பொதுக் களம் ரெடி. அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோக உள்ளூர்க்காரர்கள் பங்காளிகளாகச் சேரலாம் என்று அறிவிப்பும் வெளியாயிற்று. தம்பி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். எழுத்தாளர் என்றால் எல்லாக் காகிதமும் புரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். வாத்தியாரய்யாவும் வந்து சேர்ந்தார்.

தம்பி சேர்ந்தால் அந்த வளவுக்குக் கம்பி போகும். ஊராட்சிப் பெட்டியிலிருந்து வளவு ஒன்றரைக் கிலோமீட்டர்தான்; மல்லசமுத்திரத்திலிருந்து இழுக்க வேண்டியதில்லை. நடுவில் இன்னும் இரண்டு வளவு இருக்கிறது. சேர்த்தால் நாற்பது வீடு தேறும். கூட்டல் கழித்தல் அப்படியே தலைகீழாக மாறிவிடுகிறது. வாத்தியாரய்யா, "கையெழுத்தைப் போடுடா" என்று பேனாவையே எடுத்து நீட்டிவிட்டார்.

தம்பி பேனாவை வாங்கவில்லை. "அண்ணா, நீங்களே சொல்லுங்க. எனக்குக் குடுக்கற ரேட்டுதானுங்களா பெரிய கம்பெனி வந்து கேட்டாலும்?" என்றான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். "இருக்கோணும்ங்கறது வேற, இருக்குதுங்கறது வேறங்க. நாளைக்கு ஆட்சி மாறுனா எழுவது ரூவா கணக்காட்டம் இதையும் ஓசின்னு சொல்லீட்டா? அப்ப நான் இழுத்த ஒன்றரைக் கிலோமீட்டரு யாருதுங்க?"

வாத்தியாரய்யா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

"அதைக்கூட உடுங்க" என்றான் தம்பி. "ரோட்டை அகலம் பண்றோம்னு ஜே.சி.பி. வந்து ஊராட்சிக்கு வர்ற மெயின் கம்பியைப் புடுங்கிருச்சுன்னு வெச்சுக்கங்க. என்ற கம்பி அறுந்தா ராத்திரி பன்னண்டு மணிக்கும் நானே போய் ஒட்டிருவேன். அவங்க கம்பி அறுந்தா எத்தனை மணி நேரத்துல வந்து ஒட்டுவாங்க? அன்னைக்கு வளவுக்காரங்க திட்டறது சர்க்காரை இல்லீங்க, என்னைய."

பதில் தேடிக்கொண்டிருந்தபோதே அவனுடைய போன் அடித்தது. காளிப்பட்டிப் போகிற ரோட்டில் கரும்பு லாரி ஒன்று கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். காகிதத்தை என் மேஜைமேலேயே வைத்துவிட்டு, ஒட்டுகிற யந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். "சாயங்காலம் வர்றனுங்கண்ணா, அதுக்குள்ள அந்த மணி நேரக் கணக்கு எங்காச்சும் போட்டிருக்குதான்னு பாத்து வையுங்க" என்றான் வாசலில் நின்று. வாத்தியாரய்யா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.